ஹென்றியை உட்கார வைத்த கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

2025 டிசம்பர் 21, பால்டிமோர். நான்காவது கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பால்டிமோர் ரேவன்ஸின் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்கு எதிராக ரேவன்ஸ் 24-13 என்று முன்னிலை பெற்றது. அன்று அவர் ஓடிய தூரம் 128 யார்டு, போட்ட டச்டவுன் இரண்டு. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் கைக்குப் பந்து போகவே இல்லை. பேட்ரியாட்ஸ் இரண்டு டச்டவுன் போட்டு 28-24 என்று ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனது. ஏன் ஹென்றியை இறக்கவில்லை என்று கேட்டதற்கு, ஓட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்குவது வழக்கம், அப்போது இளையவரான கீட்டன் மிட்செலின் முறை என்றார் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா.

முறை வைத்துப் பார்க்கிற நேரமா அது? குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் முதுகில் அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியேறிவிட்டார். கையில் பதினோரு புள்ளி முன்னிலை இருந்தது. ஹென்றியைப் போன்ற ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதே அப்படிப்பட்ட கால்மணி நேரத்துக்காகத்தான்.

அமெரிக்கக் கால்பந்தை அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரன்னிங் பேக் என்பவர் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்பவர். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். ஓடுபவரை ஆடுகளத்துக்குள் மடக்கி வீழ்த்தினால் அது நிற்காது. ஆகவே முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஓட்டம்தான் பாதுகாப்பு. எதிரணிக்குப் பந்தும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பந்துவீச்சாளரைக் காப்பாற்றி வைப்பார்களே, ஹென்றி அந்த ரகம். அன்றைக்கு ரேவன்ஸ் அவரை எல்லைக்கோட்டோரம் நிறுத்தி வைத்துவிட்டு இருபதாவது ஓவரை வேறொருவரிடம் கொடுத்தது.

ஆறே நாளில் பதில் வந்தது. கிரீன் பேயில் ஜாக்சன் ஆடவில்லை. மாற்று ஆள் டைலர் ஹன்ட்லிதான் குவார்ட்டர்பேக். எறிந்து ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, பந்தை ஹென்றியிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 36 முறை ஓடினார். 216 யார்டு, நான்கு டச்டவுன். ரேவன்ஸ் 41-24 என்று வென்றது. எதிரணிக்காரர்கள் கடைசிக் கால்பகுதியில் அவரைப் பிடிக்கப் போன விதத்தைப் பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். முதல் பாதியில் தோளைக் கொடுத்து மோதியவர்கள், பின்னால் கையை மட்டும் நீட்டினார்கள். ஆறடியைத் தாண்டிய உயரமும் 110 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள ஒருவர் முப்பதாவது முறையாக ஓடி வரும்போது, மோதுவதற்கு யாருக்கும் ஆசை இருக்காது.

அந்த சீசனை அவர் 1,595 யார்டும் 16 டச்டவுனுமாக முடித்தார். ஓட்டப் பட்டியலில் பஃபலோவின் ஜேம்ஸ் குக்குக்கு அடுத்த இடம். மொத்தக் கணக்கு 13,000 யார்டைத் தாண்டி, என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் பத்துப் பேரில் ஒருவரானார்.

ஆனால் வயது? 1994 ஜனவரி 4 அன்று பிறந்தவர். ரன்னிங் பேக்குக்கு 28 என்றாலே முதலாளிகள் முகம் சுளிக்கும் தொழில் இது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே 1994இல் பிறந்த டாட் கர்லிக்கு 2018இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் நான்கு ஆண்டுக்கு 5.75 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது; முழங்கால் ஒத்துழைக்கவில்லை; 2020 மார்ச்சில் அணியிலிருந்தே விடுவித்துவிட்டது. சீயாட்டிலின் ஷான் அலெக்சாண்டர் 2005இல் 1,880 யார்டு, 27 டச்டவுன் என்று லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். பெரிய ஒப்பந்தம் கிடைத்த இரண்டே ஆண்டில் வெளியே நின்றார். மறுபக்கம் ஜான் ரிக்கின்ஸ் 34 வயதில், 1983இல், 24 டச்டவுன் போட்டிருக்கிறார். அவரும் பெரிய உடம்புக்காரர். ஆனால் ஒரு ரிக்கின்ஸுக்கு எதிரே பத்து அலெக்சாண்டர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் நிலவரம்.

ஹென்றியை ஏற்கெனவே ஒரு அணி இந்தக் கணக்குப் போட்டுத்தான் கைவிட்டது. 2020இல் 2,027 யார்டு ஓடி டென்னசி டைட்டன்ஸைச் சுமந்தவர், 2021இல் பாதத்தில் எலும்பு முறிந்து பாதி சீசனை இழந்தார். 2023இல் 1,167 யார்டுதான். முடிந்தது கதை என்றார்கள். 2024 மார்ச்சில் இரண்டு ஆண்டு, 1.6 கோடி டாலர் என்று ரேவன்ஸ் அவரை எடுத்தபோது, கிழட்டுக் குதிரைக்கு இவ்வளவா என்ற முணுமுணுப்பும் இருந்தது. அந்த ஆண்டே 1,921 யார்டு, ஓடிப் போட்ட டச்டவுன் மட்டும் 16. டென்னசியில் தேய்ந்தது அவர் கால் அல்ல, அவருக்கு முன்னால் நின்று வழி திறக்க வேண்டிய தடுப்பு வரிசை.

பால்டிமோரில் இன்னொரு வசதியும் உண்டு: ஜாக்சன். பந்தை ஹென்றியிடம் கொடுப்பாரா, தானே எடுத்துக்கொண்டு ஓரமாகப் பறப்பாரா என்று தெரியாமல் எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளர் அரை விநாடி அப்படியே நிற்பார். அந்த அரை விநாடி ஹென்றிக்குப் போதும். தயங்காமல் நேராக ஓடத் தொடங்கிவிட்டால் அவரைப் பின்னாலிருந்து பிடிப்பது கடினம். 2024 செப்டம்பரில் பஃபலோவுக்கு எதிராக முதல் வாய்ப்பிலேயே 87 யார்டு ஓடி டச்டவுன் போட்டது இப்படித்தான்.

குறையே இல்லையா? இருக்கிறது, சின்னக் குறையும் அல்ல. 2025 சீசனின் முதல் மூன்று ஆட்டத்திலும் பந்தை நழுவவிட்டார். முதல் ஆட்டம் பஃபலோவில். 169 யார்டு ஓடி ஆட்டத்தையே கையில் வைத்திருந்தவர், நான்காவது கால்பகுதியில், ரேவன்ஸ் 40-32 என்று முன்னிலையில் இருந்த நேரத்தில் பந்தைத் தவறவிட்டார். 41-40 என்று பஃபலோ வென்றது. இன்னொன்று, எறிந்த பந்தைப் பிடிப்பதில் அவர் பெரிதாகப் பயன்படுவதில்லை. 2024 முழுக்க 19 பந்துதான் பிடித்தார். அணி பின்தங்கிவிட்டால் அவசரமாக எறிந்துதான் ஆட வேண்டும். அப்போது அவர் பாதிப் பயன்தான். 2025இல் ரேவன்ஸ் அடிக்கடி பின்தங்கியது.

ஆக, அவர் மதிப்பு அணி முன்னிலையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ரேவன்ஸின் தற்காப்பு வரிசை முதல் பாதியில் எதிரணியைக் கட்டி வைத்தால் ஹென்றி ஆண்டுக்கு 1.5 கோடி டாலருக்கு மலிவு. கட்டாவிட்டால் 50 லட்சம்கூட அதிகம்.

2025 மே மாதத்தில் போட்ட நீட்டிப்பு இரண்டு ஆண்டுக்கு 3 கோடி டாலர், அதில் 2.5 கோடி உறுதியளித்த தொகை. முப்பதைத் தாண்டிய ரன்னிங் பேக்குக்கு இப்படிக் கொடுப்பது லீகில் வழக்கம் இல்லை. ஒப்பந்தம் 2027 வரை ஓடுகிறது. அது முடியும்போது அவர் 34ஐத் தொடுவார். இதற்கிடையே 2026 ஜனவரி 4 அன்று, அவருடைய 32ஆவது பிறந்தநாளில், பிட்ஸ்பர்க்கில் கடைசி உதை தவறி 26-24 என்று தோற்று, 8 வெற்றி, 9 தோல்விக் கணக்கோடு ரேவன்ஸ் பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. 18 ஆண்டு இருந்த ஹார்பாவை அணி அனுப்பிவிட்டது.

அவர் இடத்துக்கு வந்திருப்பவர் ஜெஸ்ஸி மின்டர், தற்காப்பு ஆட்டத்தில் வளர்ந்தவர். ஒரு சுவாரசியமான பழைய கணக்கும் உண்டு. 2020 ஜனவரியில், 14-2 என்று கொடி கட்டிப் பறந்த ரேவன்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே டென்னசி 28-12 என்று சாய்த்தது. அன்று 195 யார்டு ஓடியதோடு ஒரு டச்டவுன் பந்தையும் எறிந்தவர் ஹென்றி. அந்த ரேவன்ஸின் தற்காப்புப் பயிற்சிக் குழுவில் உதவியாளராக இருந்தவர் மின்டர். ஹென்றி எதிரே நின்றால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அவர் செய்ய வேண்டியது இதுதான். முதல் பாதிச் சுமையை இளையவர்களோடு பங்கிட்டு, ஹென்றியின் ஓட்டத்தை சீசனுக்கு 300இலிருந்து 240 அளவுக்குக் குறைக்கலாம். சுழற்சி முறையெல்லாம் மூன்றாவது கால்பகுதியோடு முடியட்டும். முன்னிலையில் இருக்கும் கடைசிக் கால்மணி நேரம் முழுக்க அவருடையதாக இருக்கட்டும். அதே சமயம், 2026இல் எத்தனை யார்டு ஓடினாலும் 2027க்கு அப்பால் ஒரு டாலர்கூட நீட்டித் தரக் கூடாது. அடுத்த ஓட்டக்காரரை இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.