‘எதிர்ப்பு’ என்னும் சொல்: தொற்றுநோய்க் கலைச்சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

தொற்றுநோய் மருத்துவம் பற்றி இந்நாளில் தமிழில் வெளிவரும் நூல்களையும் அறிக்கைகளையும் படிப்பார் ‘எதிர்ப்பு’ என்னும் சொல்லை மூவிடத்துக் காண்பர். உடல் நோயை வெல்லும் ஆற்றல் ‘நோய் எதிர்ப்பு’ எனப்படுகின்றது. ஆண்டிபயாடிக் என்னும் மருந்து ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ ஆகின்றது. அம்மருந்துக்கு அடங்காது நுண்ணுயிர் பிழைத்துப் பெருகும் நிலையும் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றே எழுதப்படுகின்றது. உடல், மருந்து, நோய்க்கிருமி ஆகிய மூன்றும் ஒரே வினைக்கு எழுவாயாய் நிற்கின்றன. முதலது விரும்பத்தக்கது, இறுதியது அஞ்சத்தக்கது.

குறை எங்குளது? ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ இரண்டாம் வேற்றுமைத் தொகை. நுண்ணுயிரை எதிர்ப்பது என விரியும். ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்பதனையோ நுண்ணுயிரது எதிர்ப்பு என ஆறாவதாக விரித்தல் வேண்டும். ஒரு தொகை பல பொருள்பட விரிதல் கூடும் என்பது நன்னூலார்க்கும் உடன்பாடே. எனினும், செய்யுளில் நயமாகும் மயக்கம் மருந்துச் சீட்டில் நயமாகாது.

‘கிருமி’ என்னும் சொல்லும் இத்தகையதே. முன்னாளில் அது புழுவைக் குறித்தது. இராமாநுசர் வரலாற்றில் வரும் கிருமிகண்ட சோழன் என்னும் பெயர், கழுத்திற் புழு வைத்தவன் என்னும் பொருளது. இன்று அச்சொல் பாக்டீரியாவையும் வைரசையும் ஒருங்கே சுட்டுகின்றது. ஆண்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவை அழிக்கும். வைரசை ஒன்றும் செய்யாது. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருவது. ‘கிருமியைக் கொல்லும் மருந்து’ என்று கேட்டவர் அதற்கும் அம்மருந்தையே நாடுவராயின், பிழை அவரது மட்டுமன்று. (‘ஒட்டுவாரொட்டி’ என்னும் அழகிய பழஞ்சொல் அகராதியில் உறங்குவது குறித்து யாம் தனியே வருந்துகின்றோம்.)

ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதை நோக்கின் பொருள் தெளிவாகும். நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவை அகார்க் கூழ் பரப்பிய தட்டில் பூசி, மருந்தூட்டிய சிறு தாள்வட்டுகளை அதன்மேல் இடுவர். ஓரிரவு கழிந்தபின், மருந்துக்கு அடங்கும் பாக்டீரியா வட்டைச் சுற்றி வளராதொழிய, அங்கே தெளிந்த வளையம் தோன்றும். அடங்காததாயின் வட்டின் விளிம்புவரை வளர்ந்திருக்கும். வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிவு உரைப்பர். தட்டில் நோயாளியின் உடல் இல்லை என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும், ‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. பழகியது உடம்பாயின் கேடு அவ்வொருவரோடு ஒழியும். அடங்காமை பாக்டீரியாவினது ஆதலின், அது அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் செல்லும். சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம் தன் முதல் ஆய்வை 1959இல் வெளியிட்டது. வீட்டிலிருந்தோர்க்கும் சானட்டோரியத்தில் இருந்தோர்க்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு சேர்த்தே அளித்தனர். ஒன்றற்கு அடங்காத சில நுண்ணுயிர்கள் கூட்டத்துள் முன்னரே இருத்தல் கூடும். அவற்றை மற்றொன்று வீழ்த்தும். பழகுவது உடம்பு என்று கொள்வார்க்கு இரண்டு மருந்தின் காரணம் ஒருநாளும் விளங்காது.

இனி, மாற்றுச் சொல் யாது? வேடசந்தூரை அடுத்த எரியோட்டிலாயினும் பிறவூரிலாயினும், மருந்துக்கடை வாயிலில் நிற்கும் தாய் ‘காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேக்கல’ என்பாள். கேட்டல் என்பது ஈண்டுச் சொற்படி அடங்குதல். அத்தொடரில் எழுவாய் நோயே, உடம்பன்று. கலைச்சொல் ஆக்கியோர் தவறவிட்ட எழுவாயை அவள் தவறவிட்டிலள். ஆகவே ‘மருந்துக்குக் கேளாமை’ என்பதனை யாம் முன்வைக்கின்றோம். பேச்சுவழக்கு அறிவியலுக்குத் தகாது என்பாரும் உளர். ‘தொற்று’ என்பதும் பேச்சில் வழங்கிய சொல்லே என்பதனை அவர் மறந்தனர் போலும்.

ஒன்று மட்டும் காத்தல் வேண்டும். நான்காம் உருபு விரிந்தே நிற்க வேண்டும். ‘மருந்து கேளாமை’ எனத் தொகுத்துவிடின், மருந்தை வேண்டிப் பெறாமை எனவும் பொருள்பட்டு, விலக்கப் புகுந்த மயக்கமே மீளவும் வந்துவிடும்.