சங்காரமும் 'அனையலேட்' என்னும் ஆங்கிலச் சொல்லும்

சிவபெருமானுடைய ஐந்தொழில்களுள் ஒன்றாகிய சங்காரத்தை ஆங்கிலத்தில் எழுதப் புகுவோருள் சிலர், முற்றழித்தலைக் குறிக்கும் 'அனையலேட்' என்னும் வினையை ஆளுகின்றனர். அச்சொல் ஈண்டைக்குப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

அவ்வினை இலத்தீன் வழிவந்தது. 'அட்' என்பது நம் நான்காம் வேற்றுமைப் பொருள்தரும் இடைச்சொல். 'நிஹில்' என்பது இன்மை. எனவே, ஒரு பொருளை இன்மைக்குக் கொண்டுய்த்தல் என்பதே அதன் சொற்பொருளாம். 16-ஆம் நூற்றாண்டில் அஃது ஆங்கிலத்தில் வினையாய் வழங்கலாயிற்று. இறைவன் உலகை இன்மையினின்றும் படைத்தான் எனக் கொள்ளும் கிறித்துவ சமயத்தார்க்கு, அவ்வுலகு இன்மைக்கு மீளுதலும் இயைபுடைத்தே.

சற்காரியவாதிகளாகிய நமக்கு அஃது இயையாது. சங்காரம் என்னும் வடசொல்லின் பகுதிப்பொருள் ஒருங்கு கொணர்தல்; அதனையே தமிழில் ஒடுக்கம் என்றனர். மேற்கு மலையடிவாரத்து ராயகிரிப் பக்கத்துக் குளங்கள் கோடையில் வற்றுகின்றன. நீர் இன்மையாயிற்று என அங்குள்ள உழவர் எவரும் கூறார், அது காணாவகை நுண்ணிதாயிற்று, மழையாய் மீளும். அவ்வாறே உலகும் தன் முதற்காரணமாகிய மாயையில் நுண்ணிதாய் ஒடுங்குகின்றது.

இது சொல்லளவில் நிற்கும் பிழையன்று. சிவஞானபோதத்து 1-ஆம் சூத்திரம் சங்கார காரணனையே முதல்வனாக நிறுவுகின்றது. ஒடுங்கிய உலகு மலநீக்கத்தின் பொருட்டு மீளத் தோன்றுதலின், ஒடுக்கினோனே தோற்றுவிப்போனும் ஆவன். உலகு இன்மையாயிற்று எனின், மீளத் தோன்றுதற்கு ஒன்றுமின்றி அவ்வநுமானமே நிலைகுலையும். பிறப்பிறப்பால் இளைத்த உயிர்கட்கு இளைப்பாற்றுதலே சங்காரம் எனச் சித்தியார் உணர்த்தும் அருட்குறிப்பும் மறையும். முத்தியினும் ஆணவம் சத்தி மடங்குவதன்றி இன்மையாதல் இல்லை. ஆன்மாவும் சிவனோடு அத்துவிதமாய் நிற்குமன்றி இல்லாதொழியாது.

இக்காலப் பௌதிக நூலாரும் இச்சொல்லை வழங்குவர். 1932-இல் ஆண்டர்சன் கண்ட பாசிட்ரான், எலெக்ட்ரானோடு கூடி மறைதற்கு இதுவே பெயர். ஆயினும் ஆண்டும் காமாக் கதிராய் ஆற்றல் எஞ்சுகின்றது, இன்மை எஞ்சுவதில்லை.

ஆதலின், மீள உள்வாங்குதல் என்னும் பொருளுடைய 'ரீஅப்சார்ப்' என்னும் வினையை ஆளுதல் தகும். அன்றேல் சங்காரம் என்றே நிறுத்தி உரை விரித்தல் நன்று. மொழிபெயர்ப்பாளர் அகராதியை நோக்குமுன் சூத்திரத்தை நோக்குக.