ஹென்ட்ரிக்ஸின் டோனும் ராணிப்பேட்டை கிட்டாரும்

இந்தக் கோடையில் ஒன்று தெரிந்துகொண்டேன். என் ஃபஸ் பெடலுக்கு வெயில் ஆகாது.

படவேட்டில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஷீட் போட்ட மாடி அறை. காலை ஆறு மணிக்கு வாசித்தால் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற ஒலி, மதியம் ரெண்டு மணிக்குத் தொண்டை கட்டின மாதிரி விட்டு விட்டு வருகிறது. காரணம் பெடலுக்குள் இருக்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு ஏற ஏற அதில் மின்சாரம் கசியும், சர்க்யூட்டின் சமநிலை நகர்ந்துவிடும். 1966-ல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலுக்கும் இதே குணம்தான். ஹென்ட்ரிக்ஸ் ஆரம்பத்தில் ஜெர்மானியமும் பிறகு சிலிக்கானும் உபயோகித்தார்.

நான் துரத்தியது ‘வூடூ சைல்ட்’ (ஸ்லைட் ரிட்டர்ன்) பாட்டின் டோன். 1968 மே மாதம் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் பதிவாகி, அதே வருடம் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஆல்பத்தில் வந்தது. அவருடைய கருவிகளின் பட்டியலில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வலது கைக்காரர்களுக்கான ஸ்ட்ராடோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி, இடது கையால் வாசித்தார். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் சாய்வாக இருப்பதால், திருப்பியதும் தடித்த தந்திகளின் ஒலி கூர்மையாகிறது, மெல்லிய தந்திகளின் ஒலி கொஞ்சம் உருண்டு வருகிறது. சுருதி அரை ஸ்வரம் கீழே. தந்தி தளர்ந்து, இழுக்க வசதியாகிறது. முதலில் வா-வா பெடல், பிறகு ஃபஸ். கடைசியில் 100 வாட் மார்ஷல் ஆம்ப்.

இந்தக் கடைசி ஐட்டத்தில்தான் வீட்டுக்காரன் தோற்கிறான். அந்த ஆம்பை உரக்க வைத்தால் ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று தந்தியையே திரும்ப அதிரவைக்கும். ஸ்வரம் சாகாது. என்னிடம் இருப்பது பத்து வாட் பிராக்டிஸ் ஆம்ப். அதற்கே கீழேயிருந்து அம்மா, “ஏன்டா, மிக்சி ரிப்பேரா?” என்று குரல் கொடுத்துவிட்டாள்.

ஆனா ஆம்ப் கிடைத்தாலும் கணக்கு முடியாது. நாம் கேட்பது ஆம்ப் அல்ல, ரெக்கார்ட். நடுவில் மைக் இருக்கிறது, டேப் இருக்கிறது, ஒலியை இடமும் வலமும் ஓடவிடும் எடி கிராமர் என்ற இன்ஜினியர் இருக்கிறார். அறையில் உட்கார்ந்து அந்த டோனைத் தேடுவது, போட்டோவைப் பார்த்து ஆளைச் செய்ய முயல்வது போலத்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஆர். பிரசன்னா ஞாபகம் வந்தார். வேலூர் தாண்டினால் வரும் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் படிப்பு, பிறகு பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி. கர்நாடக சங்கீதத்தில் அவருடைய குருக்களில் ஒருவர் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி. 2006-ல் அவர் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலி, பெயரே சொல்லிவிடும். டோன் வேட்டையில் இருக்கிற யாரும் அதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கிட்டாரில் மீட்டிய ஸ்வரம் உடனே தேய ஆரம்பிக்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். விளம்பத்தில் அந்த ஆட்டம் முடிவதற்குள் கிட்டார் ஸ்வரம் பாதி செத்திருக்கும். வயலினுக்கு வில் உண்டு, நாகஸ்வரத்துக்கு மூச்சு உண்டு. ஃபஸ் என்ன செய்கிறது? சத்தமாக வரும் ஆரம்பத்தை வெட்டி, தேய்ந்த வாலை அதே உயரத்துக்குத் தூக்குகிறது. அதாவது கிட்டாருக்கு ஒரு செயற்கை மூச்சு. ஹென்ட்ரிக்ஸ் அந்த மூச்சில் ப்ளூஸ் பாடினார். பிரசன்னா அதே மூச்சில் கமகம் பாடுகிறார்.

டிஸ்டார்ஷன் இல்லாத டோனிலேயே கச்சேரி செய்து கமகத்தை நிரூபித்தவர் அவர். அதனால் இந்த ஆல்பத்தில் வரும் இரைச்சல், பலவீனத்தை மறைக்கப் போட்ட முகமூடியாகக் கேட்பதில்லை. இரைச்சல் எதற்கு என்று தெரிந்து எடுத்ததாகக் கேட்கிறது. இந்த டோன் 1968-ன் நகல் இல்லை, ஆனாலும் ஹென்ட்ரிக்ஸ் செய்த வேலையின் தொடர்ச்சி என்று எனக்குப் படுகிறது.

குறையும் உண்டு. ஹென்ட்ரிக்ஸிடம் ஒரு சாவகாசம் இருக்கும். ஒரு ஸ்வரத்தை வீசிவிட்டு அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். பிரசன்னாவின் ஆல்பத்தில் பல இடங்களில் யோசனைகள் நெரிசலாக வந்து, டோன் மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. அறிவு கொஞ்சம் முன்னால் ஓடுகிறது.

இதனால் பெடல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கருவி இல்லாமல் அந்த மூச்சும் இல்லை. பெடலைச் சரியாக அமைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் தெளிந்துவிடும், கூட்டினால் உறுமும். ஹென்ட்ரிக்ஸின் பாதி டோன் அந்தக் குமிழில் இருக்கிறது. அதைக் கடையில் வாங்க முடியாது, விரல்தான் பழக வேண்டும். நான் இரண்டு வருஷமாக வாங்கத்தான் செய்தேன், பழகவில்லை. என் அறையில் கெட்டுப்போனது வெயிலால் மட்டும் இல்லை.

இப்போது விடியற்காலையில், சூடு ஏறுவதற்கு முன்னால், ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஃபஸ் போட்டு, தந்தியை மெல்ல இழுத்து, காந்தாரம் வருகிறதா என்று பார்க்கிறேன். இன்னும் வரவில்லை. ஆனா எதைத் தேடுகிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.