புருஷனுக்கு ஜீவனாம்சம்

கல்கியின் 'தியாகபூமி'யைப் படித்தவர்கள் அதில் வரும் கோர்ட்டுக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணியாக இருந்த மனைவி வீட்டை விட்டுப் போகும்படி செய்தவன் ஸ்ரீதரன். அந்தச் சாவித்திரியே பிறகு உமாராணி என்ற பெயருடன் பெருஞ் செல்வியாகத் திரும்பி வருகிறாள். உடனே அவனுக்குத் தாம்பத்தியத்தின் அருமை தெரிந்து விடுகிறது. தன்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள். வாழ முடியாது, வேண்டுமானால் இவருக்கு ஜீவனாம்சம் கொடுத்து விடுகிறேன் என்கிறாள்.

ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை இது. 1939-ல் கே. சுப்ரமண்யம் அதைப் படமாகவும் எடுத்தார். அந்த இடத்தில் எத்தனை பெண்களுடைய நெஞ்சு குளிர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சில சாதிகளின் வழக்காற்றைத் தவிர்த்தால், இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்பதே இல்லாத காலம். புருஷன் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம். அவனால் கைவிடப்பட்டவள் மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ப் பிழைப்புக்குக் கேட்கலாம். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் மாதம் நூறு ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அப்படிப்பட்ட நாளில், கேட்கும் இடத்திலிருந்து பெண்ணை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் வைத்துக் காட்டினார் கல்கி. துணிச்சலான காரியம்தான். ஒரே ஒரு வாக்கியத்தில் ஸ்ரீதரனுடைய வழக்கின் அந்தரங்கம் வெளுத்துப் போகிறது. உனக்கு வேண்டியது நானா, என் பணமா என்ற கேள்வியை அவள் கேட்காமலே கேட்டு விடுகிறாள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியை வாலிபத்தில் படித்தபோது கை தட்டியவன் நான். சென்ற வருஷம் மறுபடி படித்தேன். கை தட்டத் தோன்றவில்லை.

காரணம் இதுதான். சாவித்திரியின் வாக்கியத்தில் உள்ள அடி எங்கே விழுகிறது? ஜீவனாம்சம் வாங்குவது கேவலம் என்று நாம் எல்லோரும் முன்கூட்டியே நம்பி உட்கார்ந்திருப்பதனால்தான் அது ஸ்ரீதரன் மேல் விழுகிறது. வாங்குகிறவன் தாழ்ந்தவன், கொடுக்கிறவள் உயர்ந்தவள் என்ற எண்ணம் இல்லாவிட்டால் அங்கே அடியே இல்லை. ஆக, ஸ்ரீதரன் முகத்தில் அறைந்த அதே கை, அன்று ஊர் ஊராகக் கோர்ட்டு வாசலில் நூறு ரூபாய்க்குள் ஏதாவது கிடைக்காதா என்று நின்ற பெண்கள் முகத்திலும் அறைகிறது. கல்கி அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார். அவர்கள் பக்கம் பேசவே அவர் பேனாவை எடுத்தார். ஆனால் கதைக்கு ஆசிரியர் நினைக்காத பக்கமும் உண்டு.

ஜீவனாம்சம் என்ற சொல்லைப் பாருங்கள். அம்சம் என்றால் பங்கு. பிழைப்புக்கு உரிய பங்கு. பிச்சை என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. பத்து வருஷம் சமைத்து, பெற்று, வளர்த்து, அவன் சம்பாதிப்பதற்கு வீட்டைக் காலியாக வைத்துக் கொடுத்தவள் கேட்கும் கணக்கு அது. சொல் நியாயமாக இருக்கிறது. நம்முடைய காதுதான் அதைப் பிச்சை என்று கேட்கிறது.

பணம் கைமாறுவதை இழிவில்லாமல் எழுத முடியாதா? முடியும். சிலப்பதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என்று விலையைச் சொல்லத் தயங்காதவர் இளங்கோ. எல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த கோவலன், வறுமை வெட்கத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகி அதை மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாத வருத்தம் என்று எண்ணிக் கொண்டு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக் கொள்ளுங்கள் என்கிறாள். கண்ணகியின் பொறுமையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. கோவலன் என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சிலம்பை அவன் முதல் என்கிறான். அதை வைத்து மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்போம் என்கிறான். மனைவியின் பொருள் தானமாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. மறுபடி வாழ்வதற்கான முதலாக இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சட்டமோ கதையைத் தாண்டி நடந்து விட்டது. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், வழக்கு நடக்கும்போதும் சரி, தீர்ப்புக்குப் பிறகும் சரி, கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் மற்றவரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று எழுதி வைத்தது. சாவித்திரி எகத்தாளமாகச் சொன்னது பதினாறே வருஷத்தில் ஷரத்தாகி விட்டது. 1973-ஆம் வருஷத்துச் சட்டம் விவாகரத்தானவளையும் மனைவி என்ற சொல்லுக்குள் சேர்த்தது. ஐந்நூறு ரூபாய் என்று பிற்பாடு உயர்த்தி வைத்திருந்த உச்ச வரம்பும் 2001-ல் போய்விட்டது.

கதாசிரியர்களாகிய நாம்தான் இன்னும் 1939-லேயே நிற்கிறோம். இன்றும் நம் கதாநாயகி, புருஷன் கொடுக்கும் காசோலையைக் கிழித்துப் போட்டால்தான் நமக்கு மானஸ்தி. அவளுடைய அடுத்த மாத வாடகையைப் பற்றிக் கதையில் ஒரு வரி இருக்காது. கல்கியாவது தம் கதாநாயகிக்குச் செல்வத்தைக் கொடுத்துவிட்டுப் பேச வைத்தார். பிறகு அவளைத் தேச சேவையில் இறக்கிச் சிறைக்கும் அனுப்பி விட்டார். சுதந்திரப் போரின் வேகத்தில் அது இயல்பாகவே பட்டிருக்கும். ஆனால் புருஷனுக்கும் மனைவிக்கும் இடையே திறந்த கணக்கு மூடப்படாமலே போயிற்று. யார் யாருக்கு எவ்வளவு கடன் பட்டார்கள் என்பதைத் தியாகம் வந்து மறைத்து விட்டது.

ஒரு முறை குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நண்பருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், முந்தானையில் பஸ் டிக்கெட்டுகளை முடிந்து வைத்திருந்தாள். மாதம் மூவாயிரம் ரூபாய் தரச் சொல்லி உத்தரவாகி, ஏழு மாதமாகப் பாக்கியாம். வாய்தாவுக்கு வாய்தா வந்து போன செலவையும் சேர்த்துக் கேட்கலாமா என்று என்னை வக்கீல் என்று நினைத்துக் கேட்டாள். கேட்கலாம் அம்மா என்றேன். குரலைத் தாழ்த்திக் கொண்டு, "அசிங்கமா இருக்காதா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. காசோலையைக் கிழிக்கும் கதைகள் போதும். அதை வாங்கி, எண்ணிப் பார்த்து, குறைந்தால் கேட்டு, வாடகையைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கும் ஒருத்தியை யாராவது எழுதினால், கல்கி விட்ட இடத்திலிருந்து தமிழ் நாவல் ஓர் அடி எடுத்து வைத்ததாக நான் ஒப்புக் கொள்வேன்.