எமுலேட்டரை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆப் பேச வேண்டிய சர்வர் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. அதைப் போலவே நடந்துகொள்ளும் நகல் ஒன்றைத் தங்கள் லேப்டாப்பிலேயே ஓடவிட்டு, ஆப்பை அதனோடு இணைத்துப் பிழை தேடுவது மொபைல் ஆப் எழுதுகிறவர்களிடம் இன்று வேரூன்றிவிட்ட பழக்கம். கூகுளின் ஃபயர்பேஸ் தரும் லோக்கல் எமுலேட்டர் தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கட்டளையில் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸ் 8080 என்ற போர்ட்டிலும், உள்நுழைவைக் கவனிக்கும் ஆத் 9099இலும், சர்வர் பக்கக் கோடை ஓட்டும் ஃபங்ஷன்ஸ் 5001இலும், கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் 9199இலும் ஓடத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க 4000இல் ஒரு திரையும் உண்டு. இந்தப் பழக்கம் தேவையா என்று கேட்டால், தேவை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ‘எமுலேட்டரில் ஓடிவிட்டது’ என்பதை எதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் பல குழுக்கள் தவறுகின்றன. எமுலேட்டர் ஒரு கோரிக்கையை மறுத்தால் அந்த மறுப்பைப் பெரும்பாலும் நம்பலாம். அது ஒன்றை ஏற்றுக்கொண்டால், உண்மையான சர்வரும் ஏற்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

மறுப்பை ஏன் நம்பலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன், இந்தப் பழக்கத்தின் பெரிய பலமே அதில்தான் இருக்கிறது. ஃபயர்ஸ்டோரை நேரடியாகப் பயன்படுத்தும் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நாம் எழுதிய சர்வர் எதுவும் கிடையாது. போன் நேராக டேட்டாபேஸிடம் கேட்கிறது. யார் எதைப் படிக்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது பாதுகாப்பு விதிகள் அடங்கிய ஒரே ஒரு கோப்பு. ஒரு கிளினிக்கின் ஆப்பில் நோயாளி தன் பதிவை மட்டுமே பார்க்க வேண்டும் என்றால், அந்தக் கோப்பில் ஒரு நிபந்தனை விடுபட்டாலே போதும், அடுத்தவரின் மருத்துவ விவரம் வெளியே போய்விடும். இவ்வளவு பாரம் சுமக்கும் கோப்பை உண்மையான ப்ராஜெக்டில் ஏற்றிச் சோதிப்பது மெதுவான வேலை. புதிய விதி புதிய கோரிக்கைகளுக்குப் பொருந்த ஒரு நிமிடம் வரை ஆகலாம், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை முழுதாகச் சென்றடைய 10 நிமிடம் வரை ஆகலாம் என்று ஃபயர்பேஸ் ஆவணமே சொல்கிறது. அந்த இடைவெளியில் கிடைத்த விடை பழைய விதியுடையதா புதியதுடையதா என்ற சந்தேகம் தீராது. எமுலேட்டரில் கோப்பைச் சேமித்ததுமே புதிய விதி நடைமுறைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கையும் எந்த விதியால் அனுமதிக்கப்பட்டது, எதனால் மறுக்கப்பட்டது என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். சோதனைகள் ஓடி முடிந்த பிறகு, எந்த நிபந்தனைகள் ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை என்று காட்டும் அறிக்கையும் கிடைக்கும். பாதுகாப்பு விதிகளை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் அறியேன்.

மற்ற வசதிகளும் சிறியவை அல்ல. போனுக்கு வர வேண்டிய ஓடிபி டெர்மினலிலேயே அச்சாகிறது. எஸ்எம்எஸ் செலவில்லை, காத்திருப்பும் இல்லை. தவறாக எழுதிய ஒரு லூப் டேட்டாபேஸை ஓயாமல் படித்துக்கொண்டிருந்தாலும், ஃபயர்ஸ்டோர் ஒரு நாளைக்கு இலவசமாகத் தரும் 50,000 வாசிப்புகளில் ஒன்றுகூடக் கரையாது. ஃபங்ஷனின் நடுவில் ப்ரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, அந்தக் கணத்தில் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

சிக்கல் முதலில் தலைகாட்டுவது இணைக்கும் இடத்தில். ஐபோன் சிமுலேட்டர் மேக் கணினியின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வதால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கணினிதான். ஆண்ட்ராய்டு போன் எமுலேட்டர் அப்படி அல்ல. அதற்குள் 127.0.0.1 என்பது அந்தப் போலிப் போனையே குறிக்கும். லேப்டாப்பை எட்ட 10.0.2.2 என்று எழுத வேண்டும். கையில் இருக்கும் நிஜப் போன் என்றால் யுஎஸ்பியில் செருகி ஏடிபி ரிவர்ஸ் கட்டளையால் போர்ட்டைத் திருப்ப வேண்டும், அல்லது எமுலேட்டரை 0.0.0.0 முகவரியில் திறந்துவிட்டு வைஃபை வழியாகப் பிடிக்க வேண்டும். இதோடு நிற்பதில்லை. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட ஆப்களுக்கு, மறையாக்கம் இல்லாத எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. ஃபயர்பேஸ் எமுலேட்டரோ அந்த வழியில்தான் பேசுகிறது. ஆகவே தடையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. தளர்த்துவதை டீபக் பில்டுக்கு மட்டுமான கோப்பில் செய்தால் பாதகமில்லை. பொதுக் கோப்பில் ஒரே வரியில் எல்லா முகவரிக்கும் அனுமதி கொடுத்துவிட்டால், அந்த வரி ரிலீஸ் பில்டோடு சேர்ந்து பயனரின் போனுக்கும் போய்விடும்.

உள்நுழைந்தவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் டோக்கன் விஷயத்தில் இதே ஆபத்து இன்னும் பெரிது. ஆத் எமுலேட்டர் தரும் டோக்கனில் கையொப்பம் இருக்காது. முறையாகச் சரிபார்க்கும் எந்தச் சர்வரும் அதை நிராகரிக்கும், நிராகரிக்கவும் வேண்டும். ஃபயர்பேஸின் அட்மின் எஸ்டிகேயிடம் ஆத் எமுலேட்டரின் முகவரியை ஒரு சூழல் மாறி வழியாகச் சொன்னால், அது கையொப்பமில்லாத டோக்கனையும் ஏற்கத் தொடங்கும். அந்த மாறி தவறிப்போய் உண்மையான சர்வரில் அமைந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் யாராகவும் உள்ளே நுழையலாம். தாங்களே சர்வர் எழுதும் குழுக்கள் ‘சோதனை என்றால் சரிபார்க்காதே’ என்று ஒரு நிபந்தனையைக் கோடுக்குள் நுழைப்பதும் இதே வகைதான். எமுலேட்டர் ஓடும்போது செய்யும் தீங்கு குறைவு. அதை ஓட்டுவதற்காக ஆப்பிலும் சர்வரிலும் நாம் வைக்கும் விதிவிலக்குகள்தான் எமுலேட்டரை நிறுத்திய பிறகும் அங்கேயே இருந்துவிடுகின்றன.

இனி, ஏற்புக்கு வருகிறேன். ஆர்டர்களைப் பட்டியலிடும் ஒரு திரை, குறிப்பிட்ட ஒரு மாவட்டத்தின் ஆர்டர்களை மட்டும் எடுத்து நேர வரிசையில் அடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபயர்ஸ்டோரில் ஒரு புலத்தால் வடிகட்டி வேறொரு புலத்தால் வரிசைப்படுத்த, இரண்டையும் சேர்த்த கூட்டு இண்டெக்ஸ் முன்கூட்டியே இருக்க வேண்டும். எமுலேட்டர் கூட்டு இண்டெக்ஸைப் பொருட்படுத்துவதே இல்லை. வினவல் இலக்கணப்படி சரியாக இருந்தால் விடையைத் தந்துவிடும். டெவலப்பரின் மேசையில் அழகாக நிறைந்த பட்டியல், உண்மையான சர்வரில் ‘இந்த வினவலுக்கு இண்டெக்ஸ் தேவை’ என்ற பிழையோடு வெறுமையாக நிற்கும். கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. உண்மையான சர்வர் விதிக்கும் எல்லா வரம்புகளையும் எமுலேட்டர் விதிப்பதில்லை. கூகுள் க்ளவுடின் ஐஏஎம் அனுமதிகள் அங்கே கணக்கிலேயே இல்லை. ஒரு ஃபங்ஷனுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் பார்க்கப்படுவதில்லை, லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அதற்குக் கிடைக்கும். இவற்றைவிடவும் கண்ணுக்குத் தெரியாதது வேகம். லேப்டாப்புக்குள்ளேயே போய் வரும் கோரிக்கைக்குக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால், விடை வருமுன் பயனர் பட்டனை இரண்டாம் முறை அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி மேசையில் எழுவதே இல்லை. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டியவருக்குக் கை பழகியிருக்கிறது என்று தெரியும். அண்ணா சாலையில் எப்படி ஓட்டுவார் என்று தெரியாது.

எமுலேட்டரின் மறுப்பும் சில நேரம் பொய்யாகும் என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். உண்மைதான். ஒரே ஆவணத்தில் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதும்போது, எமுலேட்டரில் பூட்டு விலக 30 விநாடி வரை ஆகலாம். உண்மையான சர்வரின் நடத்தையை அது அப்படியே பின்பற்றவில்லை. அதேபோல, எமுலேட்டரை நிறுத்தினால் அதன் டேட்டாபேஸ் அழிந்துவிடும். ஆனால் போனில் உள்ள ஆஃப்லைன் நகல் அப்படியே இருக்கும். மறுபடி ஓட்டும்போது சர்வரில் இல்லாத பழைய பதிவுகள் திரையில் தோன்றி, இல்லாத பிழையைத் தேட வைக்கும். இவற்றால் வீணாவது டெவலப்பரின் நேரம். தவறான ஏற்பினால் அடிபடுவதோ ஆப்பை நம்பி வாங்கிய பயனர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாதி நகலும் பாதி நிஜமுமாக ஓடுவது இன்னொரு கண்ணி. உண்மையான ப்ராஜெக்டின் பெயரிலேயே எமுலேட்டரை ஓட்டினால், எந்தச் சேவைக்கு எமுலேட்டர் ஓடவில்லையோ அந்தச் சேவைக்கான அழைப்பு நேராக உண்மையான க்ளவுடுக்குப் போகும். போனுக்கு அறிவிப்பு அனுப்பும் எஃப்சிஎம் சேவைக்கு எமுலேட்டரே கிடையாது. சோதனைக்காக ஓட்டிய ஃபங்ஷன் ஒன்று, அசல் போன்களின் எஃப்சிஎம் டோக்கன்கள் கொண்ட பட்டியலை எடுத்து, ‘உங்கள் ஆர்டர் ரத்தானது’ என்று உண்மையான வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட முடியும். ‘டெமோ-’ என்று தொடங்கும் ப்ராஜெக்ட் பெயரில் ஓட்டினால் இந்த வாய்ப்பே இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான ப்ராஜெக்ட் எதுவும் இல்லாததால் அழைப்பு தோற்றுப்போகும். இப்படித் தோற்பது நமக்குப் பாதுகாப்பு.

இவ்வளவு குறை இருந்தால் எமுலேட்டர் எதற்கு, க்ளவுடிலேயே சோதனைக்கென்று தனி ப்ராஜெக்ட் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களின் வாதம் வலுவானது. ஹெரோகு நிறுவனத்தின் அனுபவத்திலிருந்து 2011 வாக்கில் உருவான ட்வெல்வ்-ஃபேக்டர் கொள்கைகளும், உருவாக்கும் இடத்திலும் பயன்பாட்டிலும் ஒரே பின்புலச் சேவை இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்தத் தனி ப்ராஜெக்டைக் குழுவில் எல்லோரும் பகிர்கிறார்கள். ஒருவர் பாதுகாப்பு விதியை மாற்றினால் மற்றவரின் சோதனை உடைகிறது, ஒருவர் அழித்த பதிவை இன்னொருவர் தேடுகிறார். ஒவ்வொரு சோதனையும் வெற்றுத் தரையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அடிப்படைத் தேவை அங்கே நிறைவேறாது. குறைகளை ஆவணத்திலேயே பட்டியலிட்டிருக்கிறார்களே, படித்தவர் ஏமாற மாட்டாரே என்பது, மறுபுறம், எமுலேட்டரே போதும் என்பவர்களின் வாதம். இண்டெக்ஸ் தேவை என்று படித்த அதே ஆள்தான் மூன்று வாரம் கழித்து இரண்டு வரி சேர்த்துப் புதிய வினவல் எழுதுகிறார். எமுலேட்டர் அதையும் சத்தமில்லாமல் ஏற்கிறது. நினைவில் வைத்திருப்பதை நம்பி இதை விட முடியாது, ரிலீஸுக்கு முன் ஒரு வாசல் கட்டாயமாக இருக்க வேண்டும்.

எனவே அன்றாட வேலைக்கு எமுலேட்டரை, அதுவும் ‘டெமோ-’ பெயரில், தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாதுகாப்பு விதிகளின் சோதனைகளை ஒவ்வொரு மாற்றத்தோடும் அதிலேயே ஓட்டுங்கள். எமுலேட்டர் முகவரியும் எச்டிடிபி அனுமதியும் டீபக் பில்டுக்கான கோப்பைத் தாண்டக் கூடாது. ரிலீஸ் பில்டில் 10.0.2.2 தென்பட்டால் பில்டே நின்றுவிடும்படி செய்யுங்கள். வெளியிடும் முன், எமுலேட்டரை நிறுத்திவிட்டு, அதே விதிகளும் அதே இண்டெக்ஸ்களும் ஏற்றிய, க்ளவுடில் இறுதிச் சோதனைக்கென்று வைத்திருக்கும் ஸ்டேஜிங் ப்ராஜெக்டோடு, மலிவான ஒரு நிஜப் போனில், மொபைல் டேட்டாவில் ஆப்பின் ஒவ்வொரு திரையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் தேறாத பில்டை, எமுலேட்டரில் எல்லாச் சோதனையும் தேறியிருந்தாலும், வெளியே விடாதீர்கள்.