வழக்குரை காதையும் வெளிப்படாத சான்றும்

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இழைத்த பிழை ஆராயாமை என்பர் அறிஞர். அஃது உண்மையே. ஆயினும், ‘ஆராய்ந்திலன்’ என்னும் ஒரு சொல்லால் அப்பிழை முழுதும் விளங்கிவிடுவதில்லை. கோவலனைக் காக்கவல்ல சான்று எவர் கையில் இருந்தது என வினவுதல் வேண்டும்.

கொலைக்களக் காதையை நோக்குவோம். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே குற்றஞ் சாட்டுபவன். சிலம்பை அடையாளங் காட்டும் சான்றாளனும் அவனே. ஊடிய தேவியின் மனை நோக்கிச் சென்ற வேந்தன், கள்வன் கையில் அச்சிலம்பு இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலரை ஏவினான். ‘இருப்பின்’ என்றானேயன்றி, அது தன் தேவியின் சிலம்புதானா என ஒப்பிட்டறியும் வழியை அவன் வகுத்திலன். சென்ற காவலரோ கோவலனின் தோற்றங் கண்டு, அவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே கூறினர். கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரித்துரைத்துப் பொற்கொல்லன் அவ்வையத்தை அடக்கினான். இறுதியில் கல்லாதான் ஒருவனின் வாள் வழக்கை முடித்தது.

ஈண்டுக் கருதத்தக்கன இரண்டு. காவலர் கொண்ட ஐயம் வேந்தன் செவிக்கு எட்டவில்லை. சிலம்பின் உள்ளிருந்த மாணிக்கப் பரலை எவரும் நோக்கவில்லை. தோற்றம் சான்றாகாது எனலாம். ஆயினும், ஏவப்பட்டவரே ஐயுற்றனர் என்பது தீர்ப்பளிப்பவன் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆகவே கோவலனுக்குச் சார்பான சான்று இல்லாமற் போகவில்லை. அஃது அரசின் ஆட்களிடமே இருந்து வெளிப்படாது நின்றது.

இக்காலச் சட்டமும் இவ்விடத்தையே தொடுகின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டு பிரேடி எதிர் மேரிலாந்து என்னும் வழக்கில் ஒரு நெறியை நிறுவியது. கொலையைத் தானே செய்ததாகக் கூட்டாளி அளித்த வாக்குமூலம், எதிர்தரப்பு வேண்டியும் அவ்வழக்கில் காட்டப்படவில்லை. குற்றத்தையோ தண்டனையையோ பற்றி முதன்மை வாய்ந்ததும் குற்றஞ் சாட்டப்பட்டவர்க்குச் சார்பானதுமாகிய சான்றை அரசுத் தரப்பு மறைத்தல் முறையன்று என்றும், அத்தரப்பின் எண்ணம் நல்லதாயினும் தீயதாயினும் பிழை பிழையே என்றும் நீதிமன்றம் கூறியது. 1972-ஆம் ஆண்டுக் கிக்லியோ வழக்கு, சான்றாளனின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் செய்திக்கும் இந்நெறியை விரித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2022-ஆம் ஆண்டு மனோஜ் வழக்கில், அரசுத் தரப்பு தான் சாராத ஆவணங்கள், கைப்பற்றிய பொருள்கள் ஆகியவற்றின் பட்டியலையும் எதிர்தரப்புக்கு வழங்க வேண்டும் என்றது.

இந்நெறிகளை உரைகல்லாகக் கொண்டு வழக்குரை காதையை மீளப் பயில்வோமாயின், பாண்டியன் பண்பின் மற்றொரு கூறு புலனாகின்றது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை அன்று என முதலில் தன் செயலைக் காத்து நின்றவன் அவன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ணகி உரைத்த அளவில், அவள் உரையை நன்றெனப் போற்றித் தம் சிலம்பின் பரல் முத்து என்று அவனே வெளிப்படுத்துகின்றான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைத் தருவித்து அவள்முன் வைப்பிக்கின்றவனும் அவனே. பரல் இன்னதெனக் கூறாது விட்டிருக்கலாம். சிலம்பைக் காட்ட மறுத்திருக்கலாம். தன்னைக் குற்றவாளியாக்கவல்ல பொருளை அவன் மறைத்திலன். கண்ணகி வென்றது அவளது சொல்லாற்றலால் மட்டும் அன்று; எதிர்தரப்பு சான்றை வெளியிட்டமையாலும் ஆகும்.

கொலைக்கு முன் காட்டியிருக்க வேண்டிய நேர்மையைக் கொலைக்குப் பின் காட்டினான் என்பதே பாண்டியனின் அவலம். நல்லெண்ணம் தன் பிழைக்கு விலக்காகும் என்றும் அவன் வாதிடவில்லை; பரல் தெறித்ததும் தன்னையே கள்வன் எனத் தீர்த்துக்கொண்டு உயிர் துறந்தான். அவனை ஆராயா மன்னன் என்று மட்டும் எழுதி முடிப்பது, தீர்ப்பில் அவன் கொண்ட பங்கை மறைப்பதாகும்.