பிளையர் யார் கையில்?

2013இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’இல் ஒரு சித்திரவதைக் காட்சி. அரசாங்க ஏஜெண்ட் சொல்ல, ட்ரெவர் ஒருவனைக் கட்டிப்போட்டு வதைக்கிறான். பிளையரா, கரண்டா என்று தேர்ந்தெடுப்பது நம்ம விரல்தான். மாட்டிக்கிட்டவனோ எல்லாத்தையும் சொல்லத் தயாராகவே இருக்கிறான். சினிமாவில் நமக்கு இந்த வேலை இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு எம்18. 18 ஆகாதவனுக்குக் கடையில் தரமாட்டார்கள். ‘கேம்தானே’ன்னு அப்பாவே வாங்கித் தந்துடறார்.

வதை முடிந்ததும் அதே ஆளை ட்ரெவர் விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிப்போகிறான். சித்திரவதையால் உண்மை வராது, அது செய்கிறவனுக்காகத்தான் என்று வழியில் சொல்கிறான். விளையாட்டின் விமர்சனமே அந்தப் பேச்சில்தான். எனக்கு இது கோழைத்தனமாகப் படுகிறது: நம் கையால் செய்யவைத்துவிட்டு அவன் வாயால் கழுவிக்கொள்கிறது. 14 வயசுப் பையனின் கண்ணெல்லாம் ரோட்டில் இருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ‘இப்ப என்னடா சொன்னான் அவன்?’ என்றாவது கேட்கலாம்.